வெள்ளத்தில் நனைந்து பூஞ்சை பிடித்த காசுகளுக்கு அசிட்டோன்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளத் தண்ணீரில் ஊறி, ஆல்பத்தோடு ஒட்டி, பூஞ்சை பூத்த காசுகளுக்கு ஆய்வகத் தர அசிட்டோன் என்ற கரைப்பான் திரவம் நல்ல சரக்கு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். ஆனால் காசு பளபளவென்று புதுசாக வரும் என்று நினைத்து வாங்கினால் அரை நட்சத்திரம்கூடத் தேறாது. பசை, எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த பச்சைக் குழம்பு, இவற்றை மட்டும்தான் அது கரைக்கும். உலோகத்தின் பக்கமே போகாது. கருத்த வெள்ளி கருப்பாகவே வெளியே வரும், அதற்காகத்தான் அதை வாங்கவே சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்ததில் ஏரலில் என் மாமா வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், பீரோவின் அடித்தட்டில் இருந்த காசு ஆல்பங்களும் உள்ளே. தண்ணீர் வடிந்ததும் மனிதர்கள் முதலில் அரிசியையும் மெத்தையையும் பத்திரங்களையும்தான் பார்ப்பார்கள், காசு ஞாபகம் வரும்போது வீடே ஒருவிதமாக நாறிக்கொண்டிருக்கும். ஆல்பத்தைத் திறந்தால் அட்டைச் சட்டங்களில் சாம்பல் நிறப் பஞ்சு, ஸ்டேப்ளர் பின்களைச் சுற்றித் துரு, பிளாஸ்டிக் பைகளுக்குள் இன்னும் சேற்றுத் தண்ணீர்.

உள்ளே இருந்தவை பெரும்பாலும் சாதாரணச் சேகரிப்புதான். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள், 1940களின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள், 1943க்கும் 1947க்கும் நடுவில் அடித்த ஓட்டைக் காலணா, அறுகோண மூன்று பைசா, 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய், அப்புறம் மாமா உயிராக நினைக்கும் சதுரமான செப்புக் காசுகள் கொஞ்சம், மீன் போட்ட பாண்டியர் காசு என்பார். இவ்வளவு விவரம் எதற்கு என்றால், உலோகத்துக்கு உலோகம் வைத்தியம் மாறும். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி ஊறவைத்தால் சேறு போகும், கூடவே வேறு வினையும் வரும். அலுமினியமும் செம்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம்தான் அரிபடும். ஆகவே கிண்ணங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பூஞ்சைக்கு வெள்ளியோ செம்போ சாப்பாடு கிடையாது. அது தின்பது அட்டை, காகிதம், பசை, நம் விரல் எண்ணெய், ஒட்டியிருக்கும் சேறு. காசின் மேல் பஞ்சு தெரிந்தால் அது காசின் மேலுள்ள அழுக்கில் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அழுக்கை எடுத்தால் அதுவும் போய்விடும். ஆனால் காசில் தெரியும் பச்சை எல்லாம் பூஞ்சை கிடையாது. பஞ்சுபோல் இருந்து ஈரக் காட்டன் பட்டதும் வழித்துக்கொண்டு வந்தால் பூஞ்சை. பல்குச்சியால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் அது பிவிசி என்ற மெத்தென்ற பிளாஸ்டிக்கில் செய்த ஆல்பத்தின் வேலை. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் குழி இருந்தால் செம்பு நோய், அதாவது குளோரைடு உள்ளே புகுந்து ஈரம் படும்போதெல்லாம் செம்பைத் தின்றுகொண்டே போவது. காய்ந்து கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலமோ பழங்காசுக்கு இயற்கையானது, அதில் கை வைக்கவே கூடாது. இந்த நாலில் அசிட்டோன் முழுசாகத் தீர்ப்பது பிவிசிப் பிசுக்கை மட்டும். பூஞ்சைக்குப் பாதி உதவி. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் செய்யாது.

அசிட்டோனுக்கு முன்னால் தண்ணீர். உண்மையில் வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் செய்தது, பெயர் மட்டும் அசிட்டோனுக்குப் போகிறது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலும் எங்கள் கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் கூடவே கூடாது, வாயில் வைத்தாலே கரிக்கும். அந்த உப்பில் இருக்கும் குளோரைடுதான் செம்பு நோய்க்கு விதை. வெள்ளத்தில் வந்த உப்பைக் கழுவுகிறேன் என்று மறுபடியும் உப்புத் தண்ணீரிலேயே போடுவதில் அர்த்தம் இல்லை. அடுப்படியில் இருக்கும் ஆர்ஓ தண்ணீர் அவசரத்துக்கு ஆகும், கடைசிக் கழுவலுக்கு டிஸ்டில்டுதான்.

ஆல்பத்தைக் காயவைத்துவிட்டுக் காசை எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்தால் அட்டை, சேறு, பிளாஸ்டிக் மூன்றும் சேர்ந்து காசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிய்த்தால் கீறல். ஈரமாகவே வெட்டி எடுங்கள். ஆல்பத்தின் பக்கத்தைத் தட்டில் தண்ணீருக்குள் வைத்து, கத்தரியால் பையின் ஓரத்தை வெட்டி, காசைத் தானாக நழுவவிடுவது நல்லது. 1912ஆம் வருட ரூபாய் ஒன்று அட்டையோடு ஒட்டியிருந்தது, தண்ணீரில் கிடக்கக் கிடக்க அட்டை மாவாகக் கரைந்து, கடைசியில் ராஜாவின் தாடிக்குள் மட்டும் வெள்ளை நார் சிக்கிக்கொண்டிருந்தது. அதையும் தேய்க்கவில்லை. தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிட்டதில் மறுநாள் தானாக மிதந்து வந்துவிட்டது. சேறு நிறைய இருந்தால் வாசனை இல்லாத லேசான சோப்பு ஒரு சொட்டு சேர்க்கலாம், சாக்கடை கலந்து வந்த தண்ணீர் என்பதால் அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பல்துலக்கும் பிரஷ், ஸ்க்ரப்பர், எலுமிச்சை மணக்கும் பாத்திரத் திரவம் மூன்றும் வேண்டாம்.

பூஞ்சையைக் காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் தட்டிவிடுவதும் தப்பு, வித்து முழுக்க நம் மூக்குக்குள்தான் போகும். என்95 முகக்கவசம், கையுறை, மொட்டைமாடி அல்லது திண்ணை. ஆஸ்துமாக்காரர்கள் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பூஞ்சையைக் கொல்ல வேண்டுமானால் மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த சானிடைசர் ஜெல்லை எடுக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், காசின் மேல் பிசுக்காக நிற்கும்.

பிளீச்சிங் பவுடர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு எல்லா வீட்டிலும் அது ஒரு பாக்கெட் இருக்கிறது, பூஞ்சை என்றாலே கை அதைத் தேடுகிறது. தரைக்குப் போடுங்கள், காசுக்கு வேண்டாம். வெள்ளியைக் கருக்கும், செம்பைப் பச்சையாக்கும். அதைவிட முக்கியம், பிளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், பிளீச்சோடு அசிட்டோன் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். இரண்டு பாட்டிலும் ஒரே மேசையில்கூட இருக்க வேண்டாம்.

இனி அசிட்டோன். நான் வாங்கியது திருநெல்வேலியில் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில், அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், விலை சில நூறு ரூபாய். "தம்பி, நெயில் பாலிஷ் எடுக்கவா? அதுக்குப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்லயே கிடைக்குமே" என்றார் கடைக்கார அண்ணாச்சி. காசு கழுவ என்றதும் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு பில் போட்டார். அவர் சொன்ன நெயில் பாலிஷ் ரிமூவரை நம்பி இறங்கக் கூடாது. அதில் நிறம், வாசனை, நகம் வறண்டு போகாமல் இருக்க எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. பெயின்ட் கடைத் தின்னரும் அப்படித்தான், உள்ளே என்ன கலவை என்று யாருக்கும் தெரியாது. சுத்தமான அசிட்டோனின் பெருமையே ஆவியாகும்போது பின்னால் எதையும் விட்டுவைக்காமல் போவதுதான்.

பயன்படுத்தும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் காசு மூழ்கும் அளவு ஊற்றி வைத்து, இடையிடையே ஜாடியை மெல்லச் சாய்த்து ஆட்ட வேண்டும். ஊறுகாய் ஜாடியை எடுத்தால் உப்பு போகும்வரை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். தெர்மோகோல் கப், டீக்கடை பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் அசிட்டோனில் இளகிக் கரைந்து காசின் மேலேயே படியும். பிவிசிப் பிசுக்கு இருந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களைப் போட்ட ஜாடியில் சற்று நேரத்தில் திரவம் கலங்கி இளம்பச்சை தட்டியது, பார்க்கவே திருப்தியாக இருந்தது. அந்தத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், அழுக்கு அசிட்டோனிலேயே காசைக் காயவிட்டால் கரைந்த பிசுக்கு மறுபடி மெல்லிய படலமாக அதன் மேலேயே உட்காரும். வெளியே எடுத்த பிறகு துடைக்க வேண்டாம். ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பஞ்சுத் துணியில் வைத்தால் கண்முன்னே காய்ந்துவிடும். எடுத்துப் பார்த்தபோது ராஜாவின் கிரீடத்துக் கோடுகள் திரும்ப வந்திருந்தன, பிசுக்கு இருந்த இடத்தில் மட்டும் லேசாக மங்கல். அது பிவிசி அமிலம் ஏற்கெனவே அரித்தது, அதைத் திருப்பித் தர எந்த மருந்தும் கிடையாது.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, தீ. அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அடுப்படியிலும் பூஜை அறைப் பக்கமும் பாட்டிலைத் திறக்கவே கூடாது, எங்கோ எரிகிற அகல்விளக்கு போதும். இரண்டு, மழைக்காலத்தில் இதன் குணம் மாறுகிறது. வேகமாக ஆவியாகும்போது காசு ஜில்லென்று ஆகி, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் வியர்த்துவிடுகிறது. டிசம்பர் மாதத்து ஏரலில் இது சின்ன விஷயம் இல்லை. ஆவி எல்லாம் போன பிறகு ஏசி அறையிலோ சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவிலோ காசை உடனே வைத்துவிட வேண்டும். மூன்று, மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்ற முடியாது, வீட்டுக் குழாய்களே பிவிசி, இளகிவிடும். ஆள் நடமாட்டமும் நெருப்பும் இல்லாத வெளியிடத்தில் அகலத் தட்டில் ஊற்றி ஆவியாகவிட்டேன். சாதாரண ரப்பர் கையுறையும் இதில் ரொம்ப நேரம் தாங்காது, இடுக்கி இருந்தால் நல்லது, முனையில் பிளாஸ்டிக் உறை இல்லாத இடுக்கி.

பளபளப்பு ஆசை விடாது என்பதால் மற்ற சரக்குகளையும் பார்த்துவிட்டேன். மாமா தினமும் வந்து "என்ன மருமவனே, கழுவியும் கருப்பாத்தான இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரி என்று, விலையில்லாத தேய்ந்த காசுகளாகப் பொறுக்கி அவர் எதிரிலேயே சோதித்துக் காட்டினேன். நகைக் கடைகளில் விற்கும் வெள்ளி டிப் திரவத்தில் ஆறாம் ஜார்ஜ் அரை ரூபாயைப் போட்டதும் கருப்பு நொடியில் போனது, மாமா முகம் மலர்ந்தது. அலசிக் காயவைத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு செத்த வெள்ளை. இந்தத் திரவங்களில் பெரும்பாலும் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும், கருப்போடு சேர்த்து வெள்ளியின் மேல் தோலையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். அதுவும் 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான், மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும், ஆகவே இன்னும் கேவலமாக இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அது இதைவிடக் கொஞ்சம் தாங்கும். தாங்குகிறது என்பதற்காகப் போடத் தேவையில்லை.

பித்தளைப் பாத்திரம் துலக்கும் பொடியால் தேய்த்த காலணா தங்கம்போல் மின்னியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் காட்டினேன், முழுக்க நுண்கோடுகள். புளி போட்டது ரோஜா நிறத்தில் வந்தது, பழஞ்செம்பு ஒருநாளும் அந்த நிறத்தில் இருக்காது, காசு வியாபாரி தூரத்திலிருந்தே கண்டுபிடித்து விலையைப் பாதியாக்குவார். வீடியோக்களில் வரும் சோடா உப்பும் அலுமினியத் தாளும் வைத்த முறை வெள்ளிக் கொலுசுக்கு அருமை, சேகரிப்புக் காசுக்கு வேண்டாம். நூறு வருஷம் மெல்லப் படிந்த நிறம்தான் அந்தக் காசை யாரும் கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி, சாட்சியைக் கலைத்தால் விலையும் போகும். லென்ஸில் பார்த்த பிறகு மாமா பேச்சை மாற்றிவிட்டார்.

அலுமினியக் காசுகள் தனி வகை. மூன்று பைசாக்கள் பலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, பூஞ்சை மாதிரியே தெரியும், ஆனால் அது உலோகமே அரித்து வந்த உப்பு. டிஸ்டில்டு தண்ணீரில் அலசி, அசிட்டோனில் ஒரு முக்கு, காயவிட வேண்டியதுதான். சோடா உப்போ வாஷிங் சோடாவோ பட்டால் அலுமினியம் கருத்து அரிக்கும். இவற்றில் ஒன்றிரண்டு தவிர விலை ஒன்றும் பெரிதில்லை, ரொம்ப மெனக்கெட வேண்டாம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, வங்கியிலும் மாற்ற முடியாது. மாறாக இப்போது புழங்கும் காசுகள் டப்பா நிறையச் சேறாகியிருந்தால் சும்மா சோப்பில் அலசிக் காயவைத்துச் செலவு செய்துவிட்டுப் போங்கள், அவற்றுக்கு அசிட்டோன் வாங்குவது வீண்.

காந்தி பத்து ரூபாய் பற்றி ஒரு வார்த்தை. அது 80 சதவீத வெள்ளி, 15 கிராம். மாமாவிடம் இருந்தது நாணயச்சாலை வெளியிட்ட கண்ணாடிப் பளபளப்புள்ள வகை, அட்டை உறையெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. இந்த வகைக்குத் துணி, பஞ்சு, விரல் எதுவுமே படக் கூடாது, துணி நார் பட்டால்கூடக் கோடு விழும். டிஸ்டில்டு தண்ணீரில் முக்கி, அசிட்டோனில் முக்கி, ஓரத்தில் நிற்கவைத்துக் காயவிட்டோம். இந்த இடத்தில்தான் அசிட்டோன் முழு மதிப்பெண் வாங்கியது, ஒரு தண்ணீர்ப் புள்ளிகூட நிற்கவில்லை.

சதுரச் செப்புக் காசுகளில் தோற்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், தோற்றது அசிட்டோன். அவற்றில் இரண்டில் ஓரமாக அந்த வெளிர்பச்சைப் பொடி. தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு மாற்றி மாற்றிப் பார்த்தால் குளோரைடு கொஞ்சம் குறையும், சோடியம் செஸ்கிகார்பனேட் என்ற காரக் கரைசலில் மாதக்கணக்கில் வைக்கும் முறையும் உண்டு, ஆனால் அதில் காசின் நிறம் மாறவும் வாய்ப்பிருக்கிறது. அதற்குமேல் அரிப்பைத் தடுக்கப் போடும் பென்சோடிரையசோல் நச்சுப்பொருள், வீட்டில் வைத்து விளையாடுகிற சமாச்சாரம் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே செப்புத் திருமேனிகளின் இந்த நோய்க்காக ஆய்வகம் வைத்தார்கள் என்றால் பிரச்சினையின் கனம் புரியும். அந்த இரண்டு காசுகளையும் மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் நிறையப் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்திருக்கிறோம். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் பெரும்பாலும் தூங்கும். ஆலிவ் எண்ணெயில் ஊறவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அதுவும் லேசான அமிலம்தான், மேலே பிசுக்கு வேறு, பூஞ்சைக்கு விருந்து.

கடைசியாக ஆல்பம், என் கோபமெல்லாம் இதன் மேல்தான். காசை வெள்ளம் கெடுத்ததைவிட அதிகமாகக் கெடுத்தது அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் பை. மென்மையாக்க அதில் சேர்க்கும் எண்ணெய் மெல்லக் கசியும், பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேறு வரும், வெள்ளம் வராவிட்டாலும் பத்து வருஷத்தில் பச்சையாகும். புது ரெயின்கோட் வாசம் அடித்தால் சந்தேகப்படுங்கள். செம்புக் கம்பியைச் சூடாக்கி அந்தப் பிளாஸ்டிக்கில் ஒற்றி மறுபடி தீயில் காட்டினால், சுடர் பச்சையாக எரிந்தால் பிவிசி. வெளியே காற்றில் நின்று செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை, அசிட்டோன் பாட்டில் பக்கத்தில் இல்லாதபோது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குவதானால் மைலார் பையோ பாலிபுரோப்பிலீன் பக்கமோ கேட்டு வாங்குங்கள், மைலார் கொஞ்சம் விறைப்பாக, தொட்டால் சலசலக்கும், விலையும் கூடுதல். அட்டைச் சட்டம் வாங்கினால் ஸ்டேப்ளருக்குப் பதில் தானாக ஒட்டும் வகை. நல்ல காசுகளுக்கு வட்டமான கெட்டி கேப்சூல், ஆனால் அதுவும் தண்ணீர் புகாத சாமான் இல்லை, வைக்கும் இடம் பீரோவின் மேல்தட்டாக இருக்கட்டும். சிலிக்கா ஜெல்லில் நீல மணி ரோஜா நிறமானதும் சட்டியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம், அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்காதீர்கள், நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு. நிறம் மாறும் ஆரஞ்சு மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அரை லிட்டர் அசிட்டோனில் மாமாவின் ஆல்பங்கள் எல்லாம் முடிந்து பாட்டிலில் இன்னும் மிச்சம் இருக்கிறது. இறுக்கி மூடி, லேபிள் ஒட்டி, வெயில் படாத வெளித்திண்ணை அலமாரியில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். ஒரு ஆல்பம் மட்டும் இருப்பவர்கள் நூறு மில்லி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் அண்ணாச்சி கடையில் அரை லிட்டருக்குக் கீழே தருவதில்லை.